உள்பக்கத் தாழ்ப்பாள்

அண்ணியைக் குளிப்பாட்ட ஒரு வரிசை உண்டு. முதலில் பாதம், பிறகு முழங்கால், உடம்புக்குத் தண்ணீர் பழகிய பிறகுதான் தோள். தலைக்குக் கடைசியில், அதுவும் "ஊத்தப்போறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான். சொல்லாமல் ஊற்றினால் மூச்சு முட்டித் திணறி, உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். கனத்த உடம்பு. சாய்ந்தால் நிமிர்த்த ஒரு ஆள் போதாது.

அன்று காலை அண்ணியின் முதுகுக்கு அவள் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னார்.

"நான் வேற வீட்டுக்குப் போறேன்."

"எந்த வீட்டுக்கு?"

"ஜட்ஜம்மா வீட்டுக்கு. அவளும் நானும். எனக்குத் தனிக் கட்டில் இருக்கு."

அவள் கை நின்றது. விஷயம் அவளுக்குப் புதிதல்ல. அண்ணி பகலில் போய் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகள் மையத்தின் மேடம் போன வாரமே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மையம் நடத்தும் சலவைக்கூடத்துக்குப் பின் தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு எடுக்கிறார்கள். இரண்டு பெண்கள் இருப்பார்கள், உதவிக்கு ஒரு பெண் கூடவே தங்குவாள். யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் அண்ணிதான் முதலில் கை தூக்கினாராம். அதை அவள் இன்னும் கணவனிடம் சொல்லவில்லை. என்ன வார்த்தையில் சொன்னாலும் அது தன் ஆசையாகத்தான் அவன் காதில் விழும் என்று தோன்றியது. தன் ஆசையும்தானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டதால் அவள் இன்னும் பயந்தாள்.

அண்ணி, கணவனின் அக்கா. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகாமல் போனதாம். கடிகாரம் பார்க்கத் தெரியாது, எண்ணத் தெரியாது, நீளமாகப் பேச வராது. மாத்திரை தவறாமல் போட்டாலும் எப்போதாவது வலிப்பு வரும். அதனால் மாமியார் காலத்திலேயே குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அந்த வீட்டில் யார் குளித்தாலும் ஆள் இருப்பது தெரியப் பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். பாட்டு வராத கணவன் இருமிக்கொண்டே குளிப்பான்.

கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் "கல்யாணப் பொண்ணு" என்று கூப்பிட்டதில், அண்ணி அதையே பெயராக எடுத்துக்கொண்டார். காதோரம் நரைத்து, மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகும் அவள் அண்ணிக்குப் "பொண்ணு"தான். தம்பிக்காரன் அக்காவை "வா, போ" என்பான். அவள் மட்டும் கை கால் கழுவிவிடும்போதும், ஈர உள்ளாடையை உருவும்போதும் "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவாள். புதிதாக வந்தபோது மரியாதைக்கு ஆரம்பித்தது, பிறகு மாற்றத் தோன்றவில்லை.

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. காதில் விழுந்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுவார். பக்கத்து வீட்டம்மா ஒருமுறை வந்து உட்கார்ந்து எழுந்திருக்காமல் இருந்தபோது, "நீங்க வந்தா போகவே மாட்டீங்கன்னு பொண்ணு சொல்லுச்சு. இப்ப போவீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா அதன்பின் வாசலோடு பேசிவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் பேச்சு ஒன்றுதான். "இந்தக் காலத்துல அக்காவ இப்படிப் பார்த்துக்கற தம்பி யாருக்குக் கிடைப்பான்?" கணவன் தலையைக் குனிந்துகொள்வான். நல்லவன்தான், அதில் சந்தேகமில்லை. அக்காவுக்கென்று வாங்காமல் தனக்கென்று எதுவும் வாங்கமாட்டான். ஆனால் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குக் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். இடைப்பட்ட நேரத்தில் நடப்பதை அவன் கேட்டுத் தெரிந்துகொண்டானே தவிர, கையால் தெரிந்துகொண்டதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி அவனிடமே சொல்லிவிட்டார்.

"நான் வேற வீட்டுக்குப் போறேன்."

"போயேன், யாரு வேணாங்கறா?" என்று அவன் சிரித்தான்.

அண்ணி எழுந்துபோய், துணி திணித்து வைத்திருந்த பையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார். அவன் பையைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"உனக்கு இது தெரியுமா?"

"மேடம் போன் பண்ணாங்க. போன வாரம்."

"போன வாரமா?" அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "எங்கம்மா சாகும்போது என் கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். நானும் பக்கத்துலதான் நின்னேன். உங்க கையப் புடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க."

அவன் எழுந்துபோய்க் கை கழுவினான். பிறகு, "தொல்லையா இருந்தா நேரா சொல்லிடு," என்றான்.

"தொல்லையாத்தாங்க இருக்கு." வாய் முந்திக்கொண்டது. "இத்தனை வருஷமா இருக்கு. ஆனா போறேன்னு கேட்டது நான் இல்ல. உங்கக்கா."

"அவளுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் அண்ணி. "ஜட்ஜம்மா வீட்ல டிவி பெருசு."

மறுநாள் விடுமுறை. மூன்று பேரும் அந்த வீட்டைப் பார்க்கப் போனார்கள். இரண்டு அறை, சின்னச் சமையலறை, கைப்பிடி பொருத்திய குளியலறை. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட் வாசம். ஜட்ஜம்மா ஏற்கெனவே குடிவந்து, சக்கர நாற்காலியில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எதைக் காட்டினாலும் தீர்ப்புச் சொல்வதால் மையத்தில் அவருக்கு அந்தப் பெயர். கை இரண்டும் மணிக்கட்டில் மடங்கியிருக்கும். வாய் மட்டும் மடங்காது.

"தம்பி லிஃப்ட் வேலையா? போன தடவை ஆஸ்பத்திரி லிஃப்ட் என்னை நடுவழியில நிறுத்தி வச்சுது. அது உங்க கைங்கரியமா?"

"அது வேற கம்பெனிங்க."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க." அவர் அண்ணியைத் தலையால் காட்டினார். "எனக்குக் கை வராது. இவளுக்கு மணி பார்க்க வராது. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆளு வரும். கொஞ்சம் மிஞ்சக்கூட மிஞ்சும்."

கணவன் சிரிக்கவில்லை. ஸ்விட்சுகளைப் போட்டுப் பார்த்தான். அடுப்புக்குழாயை முகர்ந்தான், ஜன்னல் கம்பியை ஆட்டினான், குளியலறைக் கைப்பிடியில் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். ஒரு குறையும் அகப்படாதது அவனுக்கு வருத்தமாக இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது. கடைசியில் ஒரு மாதம் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டான். குளியலறைக் கதவில் எல்லா வீட்டிலும் இருக்கும் தாழ்ப்பாள் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணி போன மறுநாள் காலை அவள் வழக்கமான நேரத்துக்கே எழுந்தாள். வாளியில் தண்ணீர் பிடிக்கப் போய், பாதி நிறைந்த பிறகு குழாயை மூடினாள். டீ போட்டு உட்கார்ந்து குடித்தாள். கடைசி மடக்குவரை சூடாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் உறுத்தியது.

அவள் துணி ஆல்டர் செய்யும் கடையில் அரை நாள் வேலை பார்த்தாள். ஜிப் மாற்றுவது, கால்சட்டையைச் சுருக்குவது, கிழிந்த லைனிங்கைத் தைப்பது. அண்ணிக்கு வலிப்பு வந்தால் மெஷினில் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். கடைக்கார அம்மா இரண்டு முறை வேலையை விட்டு நிறுத்தி, இரண்டு முறை திரும்பக் கூப்பிட்டிருந்தார். இப்போது அவர், "இனி முழு நாளும் வரலாமே," என்றார். அவள் வந்தாள். முதுகுவலி குறைந்தது. சாயங்காலம் கடைவீதியில் ஒரு காரியமும் இல்லாமல் நடந்தாள். மேடம் தினமும் போனில் சொல்வார்: நல்லா சாப்பிடறாங்க, நல்லா தூங்கறாங்க, ஜட்ஜம்மாவோட சண்டை போடறாங்க.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அவள் ஒரு மழைக்கோட்டின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேடம்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து.

அண்ணி குளிக்கப் போனவர் உள்ளே தாழ் போட்டுவிட்டார். உதவிக்கு இருந்த பெண் வாசலில் குப்பை வண்டிக்கு வாளியை எடுத்துப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் உள்ளே ஏதோ விழுந்த சத்தம். ஜட்ஜம்மா கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தாழை உடைத்தார். உடைத்தும் கதவு திறக்கவில்லை. உள்பக்கம் திறக்கும் கதவு, அதன் குறுக்கே அண்ணி கிடந்தார். இஞ்ச் இஞ்சாகத் தள்ளித்தான் கை நுழைக்க முடிந்தது. வலிப்பு வந்து விழுந்ததில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து தோளில் கட்டு, நெற்றியில் தையல்.

கணவன் கிரீஸ் கறையோடு ஓடிவந்தான். கட்டிலருகே நின்று அக்காவின் நெற்றிக் கட்டைப் பார்த்தான். மேடத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியிடம் மட்டும், "போதுமா?" என்றான்.

அவள் அண்ணியிடம் குனிந்து கேட்டாள். "ஏன் அண்ணி தாழ் போட்டீங்க?"

அண்ணி அவளை வேடிக்கையாகப் பார்த்தார். இது ஒரு கேள்வியா என்பதுபோல்.

"எல்லாரும் போடறாங்கல்ல?"

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் அழைத்துவந்தார்கள். "ஜட்ஜம்மாகிட்டப் போகணும்," என்று அண்ணி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "அப்புறம் போகலாம் அக்கா," என்று கணவன் சொன்னான். அந்த அப்புறம் வராது என்று அவளுக்குத் தெரியும். அண்ணிக்கும் இரண்டொரு நாளில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். தட்டை வைத்தால் திருப்பி வைத்தார். டிவியைப் போட்டால் அணைத்தார்.

குளிப்பதுதான் பெரிய போராட்டமாயிற்று. குளியலறைக்குள் போனதும் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவார். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குத் தன் உடம்பையே தாழாக வைத்தார். தள்ளினால் எலும்பில் படுமோ என்று அவளுக்குப் பயம். கெஞ்சுவாள், கதை சொல்வாள், கோபிப்பாள். சில நாள் திறப்பார், சில நாள் திறக்கமாட்டார். திறக்காத நாளில் அழுக்கோடும் நாற்றத்தோடும் இருப்பார். கடைக்கு மீண்டும் அரை நாளாயிற்று, பிறகு அதுவும் நின்றது. மழைக்கோட்டை வேறு யாரோ தைத்துக் கொடுத்துவிட்டார்களாம்.

ஒரு காலை, அண்ணி இரவே படுக்கையை நனைத்திருந்தார். விரிப்பு, மெத்தை, உடை எல்லாம் ஊறியிருந்தன. கணவன் கிளம்பிப் போய்விட்டான். அண்ணி முதுகு கொடுத்திருந்த குளியலறைக் கதவை அவள் மெல்ல மெல்லத் தள்ளி உள்ளே நுழைந்தாள். தோள்கட்டு நனையாமல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றப் போனாள். அண்ணி நல்ல கையால் குவளையை எடுத்து வீசினார். அது அவள் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. வழுக்கிய தரையில் கால் சறுக்கி, முதுகு சுவரில் மோதியது.

எழுந்தவள் அண்ணியின் கன்னத்தில் அறைந்தாள்.

அந்தச் சின்ன அறையில் சத்தம் பெரிதாகக் கேட்டது. அண்ணி அழவில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றுவதற்காகக் காலை நீட்டினார்.

அழுதிருந்தால், கத்தியிருந்தால், திருப்பி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த நீட்டிய கால்களை அவளால் பார்க்க முடியவில்லை. பாதத்திலிருந்து ஆரம்பித்தாள். "ஊத்தப்போறேன் அண்ணி" என்று சொல்ல வாய் வரவில்லை. தலைக்கு ஊற்றாமலே துவட்டிவிட்டாள். கன்னத்தில் விரல் தடம் மதியத்துக்குள் மறைந்துபோனது. மறைந்ததா என்று அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மறைய வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டதும் தெரிந்தது.

கணவனிடம் சொல்லவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். மறுநாளும் நினைத்தாள். அதற்குள் ஒரு சாயங்காலம் மேடம் அண்ணியைப் பார்க்க வந்துவிட்டார். கணவன் அன்று சீக்கிரம் வந்திருந்தான். நடந்ததற்கு மேடம் மன்னிப்புக் கேட்டார். அவனும் முகத்தைக் கொஞ்சம் தளர்த்தி, "உங்க மேல தப்பு இல்லங்க. என்ன இருந்தாலும் வீடு மாதிரி ஒரு பாதுகாப்பு வருமா?" என்றான்.

"பொண்ணு என்னை அடிச்சிடுச்சு," என்றார் அண்ணி. "இங்க." கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அக்கா, சும்மா எதையாவது சொல்லாத," என்று சிரிக்கப்போன கணவன் பாதியில் நிறுத்தினான். அக்காவுக்குச் சும்மா சொல்ல வராது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? மனைவியின் பக்கம் திரும்பினான்.

"அடிச்சேன்," என்றாள் அவள்.

அவள் கையில் டீத்தட்டு இருந்தது. அதை வைக்க இடம் தேடி, கடைசியில் தரையிலேயே வைத்தாள்.

"ஒரு தடவையா?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு தடவை."

"இதை நான் மேல சொல்லியாகணும். உங்களை மாட்டிவிடறதுக்கு இல்ல. சொல்லாம விட்டா எனக்கு அவங்க முகத்துல முழிக்க முடியாது." மேடத்தின் குரலில் கடுமை இல்லை. அதுவே அவளுக்குக் கடினமாக இருந்தது. அவர் அண்ணி பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "உங்களுக்கு இங்க இருக்கப் பயமா இருக்கா?"

அண்ணி யோசித்தார். அவர் யோசிக்கும்போது உதடு முன்னால் குவியும்.

"பயம் இல்ல. பொண்ணுக்கு முதுகு வலி. அதான்."

"எங்க இருக்கணும் உங்களுக்கு?"

"ஜட்ஜம்மா வீட்ல. சொன்னேன்ல?" என்றார் அண்ணி. பிறகு தம்பியைப் பார்த்து, "இவன் கேக்க மாட்டேங்கறான்," என்றார்.

மேடம் போன பிறகு கணவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். திரும்பி வந்தவன் அவள் உதட்டுக் காயத்தைக் காட்டி, "இது அன்னிக்கு ஆனதா? கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னியே," என்றான். அவள் தலையாட்டினாள். "இங்க இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்," என்றான். அவளைச் சொல்கிறானா, தன்னையே சொல்லிக்கொள்கிறானா என்று புரியவில்லை.

"இனிமே என் கையால குளிப்பாட்ட எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் அவள். "நீங்க பாருங்க."

"நான் எப்படி? அக்காவை நான் எப்படி..."

"எனக்குத் தெரியல."

மறுநாள் அவன் வேலைக்குச் சில நாள் லீவு சொன்னான். விடியும்போதே எழுந்து தண்ணீர் சுடவைத்து, வாளியைக் கொண்டுபோய் வைத்து, ஸ்டூலைப் போட்டான். அண்ணி உள்ளே போனதும் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றான். உள்ளே போக அவனால் முடியவில்லை. திரும்பி வரவும் முடியவில்லை. "அக்கா, ஏதாவது பேசிக்கிட்டே இரு," என்று கதவைப் பார்த்துச் சொன்னான். உள்ளேயிருந்து, "ஜட்ஜம்மா, டிவி, துண்டு, சோப்பு," என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அண்ணி சொல்லிக்கொண்டே போனார். நடுநடுவே தண்ணீர் விழும் சத்தம். அடுக்களையில் அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வெகு நேரம் கழித்து அண்ணி வெளியே வந்தார். தோள்கட்டின் ஓரம் நனைந்திருந்தது. காதுக்குப் பின்னால் சோப்பு நுரை. மேலுடை உள்வெளியாக இருந்தது. ஆனால் குளித்திருந்தார். ஒற்றைக் கையால்.

"நானே குளிச்சேன். அங்கயும் நானேதான்."

கணவன் மனைவியைப் பார்த்தான். "அக்காவுக்குத் தானா குளிக்கத் தெரியுமா?"

மாமியார் குளிப்பாட்டினார், அதனால் அவளும் குளிப்பாட்டினாள். ஆரம்பத்தில் ஒரு நாள் அண்ணி குவளைக்குக் கை நீட்டியதும், "விடுங்க, நேரமாகுது" என்று தான் வாங்கிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. தானே செய்தால் சீக்கிரம் முடியும். அந்தச் சீக்கிரத்திலேயே இத்தனை வருஷமும் போய்விட்டது.

கணவன் அந்த லீவு நாட்களில் அக்காவோடு உட்கார்ந்து, அவர் துணி மடிப்பதைப் பார்த்தான். ஒற்றைக் கையாலும் முனைக்கு முனை பிசகாமல் மடித்தார். ஒரு மாலை திடீரென்று அவளிடம் சொன்னான்.

"லிஃப்ட்டுக் கதவு எப்படி மூடியிருந்தாலும் வெளியிலேர்ந்து திறக்க ஒரு சாவி இருக்கும். இல்லன்னா உள்ள மாட்டினவன் கதி என்ன?"

அவள் அவனையே பார்த்தாள்.

"அந்த மாதிரி பாத்ரூமுக்கும் தாழ் விக்குதாம். உள்ள போட்டுக்கலாம். வெளியில ஒரு பள்ளம் இருக்கும், காசை வச்சுத் திருப்பினாத் திறக்கும். கதவையும் வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்திட்டா குறுக்க விழுந்தாலும் பரவால்ல." கொஞ்ச நேரம் கழித்து, "வலிப்பு வராம இருக்க ஒண்ணும் பண்ண முடியாது," என்றான்.

கழுத்துப்பட்டை எலும்பு கூடியதும் அவன் கருவிப்பையோடு அந்த வீட்டுக்குப் போனான். அவளும் அண்ணியும் கூடப் போனார்கள். பழைய கீலைக் கழற்றி, கதவைத் திருப்பி மாட்டி, சட்டத்தைச் செதுக்கி, தாழைப் பொருத்த அரை நாள் ஆயிற்று. ஜட்ஜம்மா நாற்காலியைக் காலால் உந்தி நெருக்கமாகக் கொண்டுவந்து மேற்பார்வை செய்தார்.

"அப்ப யார் வேணா எப்ப வேணா வெளியிலேர்ந்து திறக்கலாமா?"

"ஆபத்துன்னா மட்டும்ங்க."

"ஆபத்துன்னு யாரு முடிவு பண்றது? நீங்களா?"

கணவன் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றான். அதை அவன் யோசித்திருக்கவில்லை.

"நான் வெளியில உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிடுவேன்," என்றார் ஜட்ஜம்மா. "மூணு தடவை. பதில் வந்தா, அது திட்டா இருந்தாலும் சரி, யாரும் கதவைத் தொடக்கூடாது. வரலன்னாத்தான் திறக்கணும். சரியாடி?"

"சரி," என்றார் அண்ணி. உள்ளே போய்த் தாழைப் போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். மூன்று பேரும் வெளியே இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். நெடுநேரம் அவர் வெளியே வரவில்லை.

அண்ணி அங்கேயே தங்கிவிட்டார். மையத்திலிருந்து யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து அவளிடம் நிதானமாகக் கேள்விகள் கேட்டுவிட்டுப் போனார். அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் சொந்தக்காரர்கள் மத்தியில்தான். யார் போன் செய்தாலும் அண்ணி மறைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுவார். கணவனின் சித்தி ஒருத்தி கூப்பிட்டு, "வாயில்லாத ஜீவனை அடிச்சு வெரட்டிட்டாளாமே உன் பொண்டாட்டி?" என்று கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அடிச்சது உண்மை சித்தி. வெரட்டல," என்றான் அவன். "அக்கா அவளா போனா. வாயும் இருக்கு அவளுக்கு."

அந்தப் பதிலை அவள் பல நாள் மனதில் புரட்டிப் பார்த்தாள். அவன் அவளைக் காப்பாற்றவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு விசேஷத்துக்குப் போனபோது, முன்பெல்லாம் அவளோடு உட்கார்ந்து பேசியவர்கள் எழுந்து வேறு பக்கம் போனார்கள். இத்தனை வருஷம் குளிப்பாட்டியதை யாரும் பார்க்கவில்லை. ஒரு அறை மட்டும் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்காக அவர்கள்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. அந்தச் சத்தம் அவள் காதிலும்தான் இன்னும் இருந்தது.

கடைக்கார அம்மா மூன்றாம் முறையாகவும் கூப்பிட்டார். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தைத்தாள்.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள் அண்ணிக்குச் சலவைக்கூடத்தில் வலிப்பு வந்தது. துணிக்குவியல்மேல் சரிந்ததால் அடி இல்லை, நாக்கைத்தான் கடித்துக்கொண்டார். எல்லாம் சரியாகி அவர் தூங்கிப்போன பிறகுதான் மேடம் அவர்களுக்குச் சொன்னார். கணவன் போனில் சத்தம் போட்டான், பிறகு மன்னிப்புக் கேட்டான், பிறகு மறுபடி சத்தம் போட்டான். வேலை முடிந்ததும் இருவரும் நேராக அங்கே போனார்கள்.

அண்ணி தன் கட்டிலில் படுத்திருந்தார். நாக்கு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். சோப்புத்தூளில் ஊறித் தோல் தடித்த கை. அது அவளுக்குத் தெரிந்த கை மாதிரி இல்லை.

"அண்ணி, என் மேல கோவமா?"

அண்ணி கண்ணைத் திறந்து பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கோபம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்து, "மழை," என்றார்.

"ரெண்டு நாள் நம்ம வீட்டுக்கு வரீங்களா? இருந்துட்டு வரலாம்."

"முடியாது. வேலை இருக்கு. நாளைக்கு நிறையத் துண்டு வரும்." பிறகு கையை உருவிக்கொண்டு, "தூக்கம் வருது, நீங்க போங்க," என்றார்.

ஜட்ஜம்மா வாசல்வரை நாற்காலியை ஓட்டிக்கொண்டு வந்தார். தீர்ப்பு ஏதும் சொல்லவில்லை. "பார்த்துப் போங்க, தெருவெல்லாம் தண்ணி," என்றதோடு சரி.

பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"கேட்டியா? வராளாமா?"

"நாளைக்கு வேலை இருக்காம்."

அவன் தலையை ஆட்டினான். மழை வலுத்தது. அவன் போனை எடுத்து, சத்தம் முழுதாக வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையில் போட்டான். அவளும் தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். பஸ் வந்தபோது உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்கள்.